இணையம் புகுந்த வீடு – 11: ஊர் இல்லாத எண்

சென்ற வாரம் இணைய போன் பெட்டியை ரூட்டரில் செருகி, பழைய கார்ட்லெஸ் போனை அதன் முதுகில் மாட்டியதோடு நிறுத்தியிருந்தோம். இனி நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பழைய நம்பரா, புது நம்பரா? எந்த ஏரியா கோட்? எதிர்முனையில் என்ன பெயர் தெரிய வேண்டும்? டைரக்டரியில் போடலாமா? வீட்டு முகவரி என்ன? அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இதை ஒரு கையில் காபியோடு இரண்டு நிமிடத்தில் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை என்று மாதக்கணக்கில் யோசித்தவர்கள்தான்.

லேண்ட்லைன் காலத்தில் இந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. தெருவுக்கு எந்த எக்ஸ்சேஞ்சோ, அதன் எண்தான் கிடைக்கும். பெயரும் முகவரியும் தடித்த புத்தகத்தில் அச்சாகி ஊர் முழுக்கப் போகும். 1878-ல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் வெளியான முதல் டைரக்டரி ஒரே ஒரு தாள்தான். 50 பெயர்கள் இருந்தன, எண் ஒன்றுகூட இல்லை. ஆளின் பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைத்துவிடுவார். பின்னாளில் புத்தகம் பெருத்தபோது கம்பெனிகள் ஒரு வேடிக்கை செய்தன. பெயரைப் போடுவதற்குக் காசில்லை, போடாமல் இருக்க மாதாமாதம் கட்டணம்! இணைய போனில் இது தலைகீழ். நீங்களாகக் கேட்டாலொழிய பெரும்பாலான நிறுவனங்கள் டைரக்டரி பக்கம் போவதில்லை. அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள். அதில் யோசிக்க வேறொன்றும் இல்லை.

யோசிக்க வேண்டியது பழைய நம்பரைத்தான். கம்பெனி மாறினாலும் எண்ணைக் கையோடு எடுத்துப்போகும் உரிமையை 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்தது. 2007-ல் எஃப்.சி.சி. எனும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் அதை இணைய போன் நிறுவனங்களுக்கும் விரித்தது. ஆகவே, பதினைந்து வருடமாக வைத்திருந்த எண்ணை விட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் தனியாக வராது. மகனின் பள்ளி, பல் டாக்டர், தமிழ்ச் சங்கத்துப் பட்டியல், கார் வாங்கப் போய் வாங்காமல் வந்த ஷோரூம் என்று அது போய் உட்கார்ந்த இடங்களின் பட்டியலும் சேர்ந்தே வரும். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுபடி வேண்டுமென்றால் கவுன்ட்டரில் போன் நம்பரைத் தட்ட வேண்டும். பால் பாக்கெட்டில் ஐம்பது சென்ட் குறைவதற்காக நாம் தட்டிய எண்ணோடு, அந்த வீட்டில் வாரம் எத்தனை பால், எத்தனை டயாபர் என்ற கணக்கும் ஒட்டிக்கொள்கிறது. டைரக்டரியில் பெயரை மறைத்துவிட்டுக் கவுன்ட்டரில் எண்ணை உரக்கச் சொல்வதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

சரி, புது நம்பர் வாங்கினால் சுத்தமாக இருக்குமா? இருக்காது. எண்கள் தீர்ந்துபோகும் பண்டம், ஆகவே ஒருவர் விட்டதை இன்னொருவருக்குத் தருகிறார்கள். துண்டித்த எண்ணைக் குறைந்தது 45 நாள் ஆறப்போட்டால் போதும் என்பதுதான் விதி. உங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் கிரெடிட் கார்டு பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால், வசூல்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடி உங்களைக் கூப்பிடுவார்கள். ‘நான் அவரில்லை’ என்று சொன்னாலும் உடனே நம்பமாட்டார்கள். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

என் யோசனை இது. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் பழைய எண்ணே இருக்கட்டும். டாக்டர், மருந்துக்கடை, ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் புது நம்பர் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இளம் தம்பதியானால் புதியது வாங்கி, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். மாதம் சில டாலருக்கு இரண்டாவது எண் தரும் நிறுவனங்களும் உண்டு. கடைக்கும் படிவங்களுக்கும் அதைக் கொடுத்து, நேராக வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடலாம்.

பழைய எண்ணைக் கொண்டுவருவதானால் ஒரு எச்சரிக்கை. ‘அதான் புது கம்பெனி வந்தாச்சே’ என்று பழைய இணைப்பை முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். ரத்தான எண்ணை மாற்ற முடியாது, கைவிட்டுப் போய்விடும். எண் வந்து சேர்ந்ததும் பழைய கணக்கு தானாகவே மூடும். இன்னொன்று, டி.எஸ்.எல். இணையம் அந்த லேண்ட்லைன் எண்ணின் பேரிலேயே வந்துகொண்டிருந்தால், எண் வெளியேறும் நாளில் இணையமும் நின்றுபோகலாம். இணையம் இல்லாமல் இணைய போன் ஏது? முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில வங்கிகள் இணைய போன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்ப மறுப்பதும் உண்டு. அங்கெல்லாம் செல்போனைப் பதிந்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பது நல்லது.

அடுத்து ஏரியா கோட். படிவத்திலேயே சுவாரசியமான கட்டம் இதுதான். 1947-ல் அமெரிக்காவையும் கனடாவையும் 86 ஏரியா கோட் பகுதிகளாகப் பிரித்தபோது, ஜனம் நெருக்கமான ஊர்களுக்குச் சுழற்று போனில் சீக்கிரம் சுற்றிமுடியும் எண்களைக் கொடுத்தார்கள். நியூயார்க்குக்கு 212, சிகாகோவுக்கு 312. நியூ ஜெர்சி முழுவதற்கும் 201 ஒன்றே போதுமானதாக இருந்தது. நம்மவர்கள் நிறைந்த எடிசன் அதிலிருந்து 908-க்குப் போய், 1997-ல் 732 ஆனது. பிறகு அதுவும் போதாமல் 848-ஐ மேலே ஏற்றினார்கள். மன்ஹாட்டனில் 212 ஒரு அந்தஸ்து. புதிதாகக் கிடைப்பது அரிது என்பதால், அந்த எண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இணைய போனுக்கு இந்த வேலி கிடையாது. எடிசனில் உட்கார்ந்துகொண்டு வயோமிங்கின் 307-ஐயோ மொன்டானாவின் 406-ஐயோ நிறுவனத்திடம் இருப்பு இருந்தால் வாங்கலாம். எதற்கு என்கிறீர்களா? மோசடிக்காரர்கள் கூப்பிடும்போது உங்கள் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையே தங்கள் எண்போலக் காட்டுவது பழகிப்போன தந்திரம். பக்கத்துத் தெருக்காரர் போலிருக்கிறது, பள்ளிக்கூடமாக இருக்குமோ என்று நாம் எடுத்துவிடுவோம். உங்களிடம் இருப்பது வயோமிங் எண் என்றால், வயோமிங்கில் உங்களுக்கு ஒரு சித்தப்பாகூட இல்லையென்றால், 307 என்று ஆரம்பித்து வரும் எந்த அழைப்பையும் யோசிக்காமல் விட்டுவிடலாம். இதைவிட மலிவான வடிகட்டி எனக்குத் தெரிந்து வேறில்லை. நஷ்டமும் உண்டு. நீங்கள் குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால், வயோமிங்கிலிருந்து யாரோ என்று அவரும் எடுக்கமாட்டார்.

எடுக்க வைப்பதற்குத்தான் பெயர். காலர் ஐடியில் எண்ணோடு தெரியும் பெயருக்கு அமெரிக்காவில் இடைவெளியையும் சேர்த்து 15 ஆங்கில எழுத்துகள்தான் இடம். வெங்கடசுப்ரமணியன் என்று கொடுத்துப் பாருங்கள், ‘வெங்கடசுப்ரமன்’ என்பதோடு கத்தரித்துவிடும். அவருடைய மனைவி அந்தப் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருந்தால், அவருடைய சொந்தப் பெயருக்கு வாசல்படியில்கூட இடமில்லை. இன்னொரு விசித்திரம், பெயர் அழைப்போடு பயணம் செய்வதில்லை. போவது எண் மட்டுமே. அழைப்பைப் பெறும் கம்பெனி ஒரு தரவுதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பெயரை எடுக்க வேண்டும். தேடச் சோம்பல்பட்டால் ஊர் பெயரை மட்டும் காட்டிவிட்டுப் போகும். தரவுதளம் பழையதாக இருந்தால் முந்தைய சொந்தக்காரரின் பெயரில் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். புது எண் வாங்கியதும் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டுவிடுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் முழுப் பெயர் தராமல் இனிஷியல் மட்டும் கொடுப்பது டைரக்டரி காலத்து வழக்கம். அதை இன்றைக்கும் கைவிடக் காரணமில்லை.

எண்ணே தெரியக் கூடாதென்றால் *67 அழுத்திவிட்டு டயல் செய்யலாம். 1980-களின் இறுதியில் காலர் ஐடி வந்த புதிதில், கூப்பிடுகிறவரின் எண்ணைக் காட்டுவது அவருடைய அந்தரங்கத்தில் கைவைப்பதாகாதா என்று பெரிய வழக்கே நடந்தது. பென்சில்வேனியாவில் நீதிமன்றம் அதற்குத் தடையே போட்டது. அந்தச் சண்டையில் மிஞ்சியதுதான் இந்த *67. ஆனால் 800-ல் தொடங்கும் இலவச எண்களுக்கு இந்த முகமூடி செல்லாது. அழைப்புக்கான காசை அவர்கள் கட்டுவதால் யார் கூப்பிட்டார் என்பது அவர்களுக்குப் போய்விடும். 911-க்கும் செல்லாது.

யார் எண் என்பதைவிட யாருக்குப் பேசினோம் என்பது பெரிய ரகசியம். 2006-ல் ஹெவ்லெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் இயக்குநர் குழுச் செய்திகள் பத்திரிகைக்குக் கசிந்தன. கசியவிட்டது யார் என்று பார்க்க அமர்த்தப்பட்ட துப்பறிவாளர்கள், ‘நான்தான் அவர்’ என்று போன் கம்பெனிகளிடம் நடித்து, இயக்குநர்கள், நிருபர்களின் அழைப்புப் பட்டியல்களையே கறந்துவிட்டார்கள். தலைவர் பட்ரீசியா டன் பதவி விலக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு எஃப்.சி.சி. விதிகளை இறுக்கியபோது இணைய போன் நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆகவே, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள், அது நாய்க்குட்டியின் பெயராக வேண்டாம். அதோடு இந்தப் பெட்டியின் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் வீட்டிலிருந்து யார் யாருக்கு எத்தனை நிமிடம் போனது என்பது வரிசையாகத் தெரியும், வாய்ஸ்மெயில் இமெயிலாகவே வந்து விழும். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த இமெயில் யாருடைய முகவரிக்கு வருகிறது என்பதையும் பேசி முடிவு செய்துகொள்வது மரியாதை.

இதுவரை மறைப்பதைப் பற்றியே பேசினோம். படிவத்தின் கடைசிக் கட்டம் வேறு ஜாதி. எடிசனில் நண்பரின் அப்பாவுக்கு இதை நிரப்பிக் கொடுத்தபோது நடந்தது இது.

“தம்பி, மத்ததெல்லாம் சரி. வீட்டு அட்ரஸ் இவனுக்கு எதுக்கு? போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் நம்பரைப் போட்டுரு.”

“அது மட்டும் வேண்டாம் மாமா. 911 அடிச்சா இந்த அட்ரஸுக்குத்தான் ஆம்புலன்ஸ் வரும்.”

“நான் எதுக்குய்யா 911 அடிக்கப் போறேன்?”

அடுப்படியிலிருந்து மாமி குரல் வந்தது: “உங்களுக்கு நெஞ்சு வலிச்சா அடிக்கப் போறது நான்தானே? நீ அட்ரஸைப் போடுப்பா.”

மாமி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 2005 பிப்ரவரியில் டெக்சஸின் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டார்கள். பதின்பருவ மகள் வோனேஜ் என்ற இணைய போன் நிறுவனத்தின் இணைப்பில் 911 அழுத்தினாள். பதிவுசெய்த அறிவிப்பு ஒன்றுதான் கேட்டது. 911 வசதியைத் தனியாகப் பதிந்திருக்க வேண்டும், அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. டெக்சஸ் அரசு அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டு மே மாதம், முகவரியை வாங்கிப் பதியாமல் சேவையைத் தொடங்கக் கூடாது என்று எஃப்.சி.சி. உத்தரவிட்டது. முகவரி இருந்தாலும் போதாது, அது இன்றைய முகவரியாக இருக்க வேண்டும். 2008-ல் கனடாவின் கால்கரியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் இணைய போனில் 911-ஐக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியது, ஆனால் நாட்டின் மறுகோடியில் அவர்கள் முன்பு குடியிருந்த மிசிசாகாவுக்கு. குழந்தை பிழைக்கவில்லை.

வயோமிங் எண் வைத்திருப்பவருக்கும் ஆம்புலன்ஸ் பதிந்த முகவரிக்குத்தான் போகும். எண் எந்த ஊராகவும் இருக்கட்டும். அபார்ட்மென்ட் எண், மாடி எல்லாம் விடாமல் எழுதுங்கள். பதிந்து முடித்ததும் 933 அழுத்திப் பாருங்கள், பல நிறுவனங்களில் ஒரு குரல் உங்கள் முகவரியை வாசித்துக் காட்டும். மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று பெட்டியையும் சூட்கேஸில் வைத்துக்கொண்டு மாறும் பெற்றோர்கள் ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிவிட்டு 933 கேட்க வேண்டும்.

பெட்டியைச் சென்னைக்கே கொண்டுபோய், அம்மாவுக்கு நியூ ஜெர்சி எண் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்திய விதிகள் இதை எப்படிப் பார்க்கும் என்பது தனிக்கதை. அந்த போனில் 108 அழுத்தினால் சென்னை ஆம்புலன்ஸ் வராது, 911 அழுத்தினால் நியூ ஜெர்சியில் மணியடிக்கும். அவசரத்துக்கு செல்போன்தான் என்று அம்மாவிடம் சொல்லி, ரிசீவர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கரண்ட் போனால் போனும் போகுமா?