ஒரு சொல் விடைக்குள் ஒரு மலை

விளாங்குடியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். வினாடி வினாப் போட்டிக்காகப் பொது அறிவு வினாக்களில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர்?" என்று கேட்டதும், "பென்னிகுவிக்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அடுத்த வினாவுக்குப் போகுமுன் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடல்ல சேரும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் அந்தத் தண்ணி எப்படி நம்ம வைகைக்கு வருது?"

என்னிடம் உடனே விடை இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். அந்த ஒரு சொல் விடையைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்படி யோசித்ததே இல்லை.

அன்றிரவு படித்தேன். மறுநாள் மைதானத்தில் களிமண்ணும் மணலும் பிசைந்து நீளமாக ஒரு மலை செய்தோம். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் மேற்குப் பக்கத்தில் பூவாளியால் தண்ணீர் ஊற்றினோம். அது தென்மேற்குப் பருவமழை. கிழக்குப் பக்கம் காய்ந்தே கிடந்தது. மழை மறைவுப் பகுதி என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மேற்கே ஓடிய நீரைக் களிமண் சுவரால் மறித்தோம். மலையைக் குடைந்து ஒரு பப்பாளிக் காம்பைச் செருகினோம். தேங்கிய நீர் காம்பின் வாயைத் தொட்டதும் கிழக்குப் பக்கம் சொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பும் வந்துவிட்டது.

உண்மையில் நடப்பதும் இதுதான். அணை நீரைத் தேக்குவதோடு, சுரங்கத்தின் வாய்வரை அதன் மட்டத்தை உயர்த்துகிறது. ஏறத்தாழ 1.7 கி.மீ. நீளச் சுரங்கம் வழியாக நீர் தானாகவே கிழக்கே இறங்கி, சுருளியாறு வழியே வைகையில் சேர்கிறது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் வராது. செய்தித்தாளில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தின் பொருள் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

வரலாறும் தானாக வந்து சேர்ந்தது. இந்த யோசனை பென்னிகுவிக்குக்கும் முந்தையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கு முயன்றார். 1876–78 பெரும் பஞ்சம் தேவையை உறைக்கச் செய்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டு, 1887இல் பணி தொடங்கியது. 1841இல் புனேயில் பிறந்த இராணுவப் பொறியாளர் பென்னிகுவிக் அதை நடத்தினார். கல்லும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிக் கலவையும் கொண்டு அணை எழுந்தது. கட்டிய பகுதிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். 1895இல் அணை திறக்கப்பட்டது.

"அந்தத் தொழிலாளிங்க பேரு வினாடி வினாவுல வராதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். இதற்கும் என்னிடம் விடை இல்லை. ஆனால் இந்த முறை, அடுத்த வினாவுக்குப் போக எனக்கு அவசரமும் இல்லை.

போட்டியில் எங்களுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் இப்போது எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பொது அறிவு வினாவுக்கு ஒருவர் விடை சொன்னால், இன்னொருவர் "எப்படி?" அல்லது "ஏன்?" என்று கேட்க வேண்டும். வாரம் ஒரு வினாவுக்கு இப்படிச் செய்தாலே போதும். புவியியலும் வரலாறும் அறிவியலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ கோட்டையோ பழைய பாலமோ இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

எங்கள் கரும்பலகையின் ஓரத்தில் தினமும் இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன: பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம். எழுதுபவள் அந்தப் பின்வரிசை மாணவிதான்.