வலி நின்றுவிட்டது, முதுகு ஆயத்தமாகிவிட்டதா?

வேகப்பந்து வீசும் பிள்ளையின் முதுகுவலிக்குச் சிகிச்சை பெறவரும் பெற்றோர் பலரும் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வலி போய்விட்டதே டாக்டர், இனி விளையாட அனுப்பலாமா?" வலி நீங்குவது குணமடைதலின் முதற்படி மட்டுமே. வலி நின்ற நாளுக்கும் ஆடுகளத்துக்குத் திரும்பும் நாளுக்கும் இடையே செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. நடுவுடலை நிலைப்படுத்தும் பயிற்சி அப்பணியின் முக்கியமான கூறு.

முதுகில் நிகழ்வது என்ன?

வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில், அவரது உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கும் மேலான விசை தரையிலிருந்து உடலுக்குள் ஏறுகிறது. அதே கணத்தில் கீழ்முதுகு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் படுகிறது. பந்துக்குப் பந்து இது தொடரும்போது, முள்ளெலும்பின் பின்புற வளைவில் நுண்ணிய விரிசல் தோன்றலாம். இதனை அழுத்த முறிவு என்கிறோம். வலக்கையால் வீசுபவருக்கு இது பெரும்பாலும் கீழ்முதுகின் இடப்பக்கத்தில் ஏற்படும். எலும்பு முழு முதிர்ச்சி அடையாத வளரிளம் பருவத்தினருக்கு இடர் அதிகம்.

இது ஒரே அடியில் உண்டாகும் முறிவு அன்று. போதிய ஓய்வின்றி வீசுவதால் சிறுகச் சிறுகச் சேர்வது. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. பந்துவீச்சை நிறுத்தி வைத்தால் எலும்பு கூடும்; ஆனால் அதற்கு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். வலியோ அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். இந்த இடைவெளியில்தான் அவசரம் தீங்கு செய்கிறது.

நடுவுடல் என்பது எது?

உடலின் நடுப்பகுதியை ஓர் உருளையாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேல்மூடி உதரவிதானம். அடித்தளம் இடுப்புக்குழியைத் தாங்கும் தசைகள். முன்னும் பக்கங்களிலும் வயிற்றுத் தசைகள். பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். இவை ஒருங்கிணைந்து இறுகும்போது உருளை உறுதி பெறுகிறது. முதுகெலும்பின் சுமை பகிரப்படுகிறது. கண்ணாடியில் தெரியும் 'சிக்ஸ் பேக்' இந்த உறுதிக்குச் சான்றாகாது.

வலிமையைப் போலவே நேரமும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. நலமுள்ளோர் கையை உயர்த்தும்போது, கைத்தசை இயங்குவதற்கு முன்னரே வயிற்றின் ஆழ்தசை இறுகிவிடுகிறது. முதுகுவலி உடையோரிடம் அந்த இறுக்கம் தாமதமாகவே வந்தது. எனவே, தசையைப் பெருக்குவதைக் காட்டிலும், உரிய கணத்தில் உரிய அளவில் இயங்க அதைப் பழக்குவதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சியின் படிகள்

முதற்படியில் முதுகை அசைக்காமல் கை, கால்களை அசைக்கக் கற்பிக்கிறோம். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டி, பிறகு பக்கம் மாற்றுவது ஒரு பயிற்சி. பக்கவாட்டில் படுத்து, முழங்கையையும் மடித்த முழங்காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது மற்றொன்று. ஏறத்தாழ பத்து விநாடி நிலைத்து, இறக்கி, மீண்டும் செய்தால் போதும். மூச்சை அடக்கக் கூடாது.

இரண்டாம் படியில் நின்ற நிலைக்கு வருகிறோம்: ஒற்றைக்காலில் நிற்றல், எடை தூக்குதல், எடைப்பந்தை எறிதல். இடுப்பு, தொடைத் தசைகளும் இங்கே வலுப்பெறுகின்றன. மூன்றாம் படியில் ஓட்டம், குதித்தல், பிறகு குறைந்த வேகத்தில் எண்ணி வீசப்படும் சில பந்துகள். அவற்றின் எண்ணிக்கையும் வேகமும் வாரந்தோறும் மெல்ல உயரும். வலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்கவேண்டும்.

இப்பயிற்சி மட்டுமே முதுகைக் காத்துவிடும் என்று எண்ணவேண்டாம். நாட்பட்ட முதுகுவலியில், நீண்டகால நோக்கில் இது பிற முறையான உடற்பயிற்சிகளைவிடப் பெரிதும் மேலானதாக ஆய்வுகள் காட்டவில்லை. பந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, வீசும் முறையில் திருத்தம், உறக்கம், உணவு ஆகியவையும் சேர்ந்தே பலன் தருகின்றன.

ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973-இல் முதுகெலும்பு அழுத்த முறிவால் விலகினார். பல வாரங்கள் மாவுக்கட்டு, பின்னர் நீண்ட உடற்பயிற்சி. மீண்டும் டெஸ்ட் ஆட்டத்துக்கு அவர் வந்தது 1974 நவம்பரில்தான். இங்கிலாந்துக்கு எதிரான அந்தத் தொடரில் அவர் 25 விக்கெட்டுகளை வீழ்த்தினார். காத்திருந்த காலம் வீணாகவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

வளரிளம் பந்துவீச்சாளருக்குப் பின்னால் வளையும்போது வலி மிகுந்தாலோ, முதுகுவலி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ பந்துவீச்சை நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள். காலில் மரத்துப்போதல், வலுவிழப்பு, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்பாதீர்கள். ஒரு போட்டிப் பருவத்தைத் தவறவிட்டாலும் பிள்ளைக்கு இன்னும் பல பருவங்கள் இருக்கின்றன. விரிசல் கூடாமல் நின்றுவிட்டால், அவற்றையும் சேர்த்து இழக்க நேரலாம்.