மேஜர் மட்டும் போதாது

பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த பீமராவ் அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார மாணவராகச் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இது: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, தொடக்கநிலை பிரெஞ்சு ஒன்று, ஜெர்மன் ஒன்று. மொத்தம் 60. அதில் பாதிக்கு மேல் பொருளாதாரத்துக்கு வெளியே இருப்பவை. 1916 மே மாதம், கோல்டன்வைசர் என்ற பேராசிரியர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு ‘இந்தியாவில் சாதிகள்’. தத்துவ வகுப்பில் அவருக்குப் பாடம் நடத்திய ஜான் டூயியின் சிந்தனை, 20 ஆண்டுகள் கழித்து எழுதிய ‘சாதி ஒழிப்பு’ வரை அவரோடு வந்தது. பட்டம் வாங்க மேஜர் என்னும் முதன்மைப் பாடம் மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால், சாதியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகக் கூர்மையான ஆய்வுகளில் ஒன்று அந்த வயதில், அந்த வடிவில் எழுதப்பட்டிருக்காது.

ஒரு துறையை ஆழமாகப் படிப்பது, அதோடு வேறு நான்கைந்து துறைகளை அவற்றின் சிந்திக்கும் முறை பிடிபடும் அளவுக்காவது படிப்பது: லிபரல் கல்வி என்று சொல்லப்படுவதன் சாரம் இவ்வளவுதான். இங்கே அதைப் பல்துறைக் கல்வி என்றே சொல்லிக்கொள்வோம். இதற்காகத் தனியாக ‘லிபரல் ஆர்ட்ஸ்’ பட்டம் வாங்க வேண்டியதில்லை. பி.காம். மாணவரும் நர்சிங் மாணவியும் பி.இ. படிப்பவரும் அவரவர் பட்டத்துக்குள்ளேயே பெறக்கூடிய ஒன்று இது.

இதைப் பொது அறிவோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். முதல் வட்டமேசை மாநாடு 1930இல் நடந்தது என்பது பொது அறிவு. போட்டித் தேர்வுக்கு உதவும். அந்த மாநாட்டைப் பற்றி இரண்டு பேர் எழுதிவைத்த குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், யாருடையதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடத் தெரிவது வரலாறு படித்ததன் பலன். ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு கேட்கும் முறை உண்டு. புள்ளியியல் படித்தவர், ‘யாரிடம் கேட்டு இந்த எண்ணுக்கு வந்தீர்கள்?’ என்று கேட்பார். பொருளாதாரம் படித்தவர், ‘இதற்கான செலவு யார் தலையில் விழுகிறது?’ என்பார். இலக்கியத்தில் தோய்ந்தவர், பேசுபவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கவனிப்பார். மூன்று கேள்வியும் ஒரே மனிதருக்குத் தோன்றவேண்டும் என்பதே இந்தக் கல்வியின் ஆசை.

இது நடைமுறையில் எங்கே பயன்படும் என்று ஒரு வேலையை எடுத்துப் பார்க்கலாம். சிவில் எஞ்சினியரிங் முடித்த ஓர் இளைஞரிடம் ஊர் ஏரி ஒன்றைச் சீரமைக்கும் பணி வருகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு, கரையை எவ்வளவு உயர்த்தலாம், கலிங்கு எந்த மட்டத்தில் இருக்கவேண்டும், எத்தனை கனமீட்டர் மண் எடுக்கவேண்டும் என்பதையெல்லாம் அவர் சரியாகக் கணக்குப் போட்டுவிடுவார். மதிப்பீடு தயாராகும், தூர்வாரி முடிப்பார்கள், கரையும் பலப்படும். ஆனால் நல்ல மழை பெய்தும் அடுத்த ஆண்டு ஏரி நிரம்பாமல் போகலாம்.

காரணம் தேடிப் போனால் அவர் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும். வரத்துக் கால்வாயின் நடுவில் வீடு வந்திருக்கும். அது எப்போது யார் பெயருக்கு மாறியது என்று கண்டுபிடிக்க கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலையும் ‘அ’ பதிவேட்டையும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தையும் வாங்கிப் படிக்கத் தெரியவேண்டும். முறை வைத்து மடை திறந்துவிட முன்பு ஒரு நீர்க்கட்டி இருந்திருப்பார். ஆயக்கட்டு விவசாயிகள் அறுவடையில் அவருக்குக் கூலியாக நெல் அளந்திருப்பார்கள். பல ஊர்களில் அந்த வேலை தலித் குடும்பங்களின் தலையில் பரம்பரையாகக் கட்டப்பட்டிருந்தது. அடுத்த தலைமுறை அதை உதறிவிட்டு வேறு வேலைக்குப் போனது, போனதில் நியாயமும் இருந்தது. இன்று அந்த வேலையை யார், எந்தக் கூலிக்கு, எந்த மரியாதையோடு செய்வது? இதைக் கேட்காமல் புது மதகு கட்டிப் பயனில்லை. சொந்தமாக ஆழ்துளைக் கிணறும் கட்டணமில்லா மின்சாரமும் இருக்கும் விவசாயிக்கு ஏரி வற்றினாலும் பயிர் நிற்கும். அதனால் கரையைக் கவனிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். ஏரியை நம்பி இருப்பவர் சிறுவிவசாயி, அவர் குரலுக்கு ஊர்க் கூட்டத்தில் வலு குறைவு. மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் நிற்கவேண்டும், நெல் போட்டவருக்குத் தண்ணீர் பாயவேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி ஒரு துறையிடமும், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

இந்த ஒரு வேலைக்குள் வரலாறு, சமூகவியல், பொருளாதாரம், சட்டம், ஆவணம் வாசிக்கும் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. பொறியாளரே இவை அனைத்திலும் நிபுணராக முடியாது. யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. இப்படிப்பட்ட கேள்விகள் இருக்கின்றன என்பதும், அவற்றுக்கு யாரைத் தேடிப் போகவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்த அளவு கல்லூரியில் கிடைக்காவிட்டால் பிறகு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உலகின் முதன்மையான தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் ராடார் ஆய்வில் முன்நின்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி. போர் முடிந்த பிறகு அது தன் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு அமைத்தது. குழுவின் அறிக்கை 1949இல் வந்தது. அடுத்த ஆண்டே மானுடக் கல்வி, சமூக அறிவியல் படிப்புகளுக்கென ஒரு தனிப் புலம் தொடங்கப்பட்டது. இன்றும் அங்கே எந்தப் பொறியியல் மாணவரானாலும் கலை, மானுடக் கல்வி, சமூக அறிவியல் ஆகியவற்றில் எட்டுப் பாடங்கள் முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது. நம் ஐ.ஐ.டி.களிலும் பி.டெக். மாணவர்களுக்கு இந்தத் துறைகளில் கட்டாயப் பாடங்கள் உண்டு. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பகுதி வந்திருக்கிறது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்குச் சரி, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலைதானே முக்கியம் என்று ஒரு கேள்வி எப்போதும் எழும். அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. அதைத் தட்டிக் கழிக்கக்கூடாது. இதே கேள்வியை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நூறாண்டுக்கு முன்பே தங்களுக்குள் விவாதித்துப் பார்த்திருக்கிறார்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1881இல் தொடங்கிய கல்வி நிலையத்துக்குத் தலைமை ஏற்ற புக்கர் டி. வாஷிங்டன், அடிமைத்தளையிலிருந்து மீண்ட மக்களுக்கு முதலில் கைத்தொழில் கற்றுக்கொடுங்கள் என்றார். செங்கல் அறுக்கவும் தச்சு வேலை செய்யவும் விவசாயம் பார்க்கவும் அங்கே பயிற்சி தந்தார்கள். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற டு பாய்ஸ் இதை ஏற்கவில்லை. தொழில் வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. தொழிலோடு நிறுத்திவிட்டால் அந்த மக்களுக்குள்ளிருந்து ஆசிரியரோ வழக்கறிஞரோ சிந்தனையாளரோ தோன்றமாட்டார்கள், அவர்களைப் பற்றிய முடிவை என்றும் அடுத்தவர்களே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதே 1903இல் வெளிவந்த நூலில் அவர் வைத்த வாதம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வாதத்தை விளக்கவே தேவையில்லை. 1953இல் ராஜாஜி அரசு ஆரம்பப் பள்ளிக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு வேளை பள்ளி, மற்ற வேளை பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி ஊரே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. என் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று நீ யார் முடிவு செய்ய என்பதே அந்த எதிர்ப்பின் அடிநாதம். இன்று ‘அரசுக் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சி போதும், இலக்கியமும் தத்துவமும் அவருக்கு எதற்கு’ என்று யாராவது சொன்னால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஆண்டுக்குப் பல லட்சம் வாங்கிக்கொண்டு இந்தக் கல்வியைத் தருகின்றன. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தேடிப் போய் வாங்குவதை, மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தேவையற்றது என்று எப்படிச் சொல்வது?

நியூயார்க்கில் 1995இல் நடந்த ஒரு முயற்சியும் இங்கே நினைவுக்கு வருகிறது. வறுமையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஏர்ல் ஷோரிஸ் என்ற எழுத்தாளர், சிறையில் ஒரு பெண் கைதியிடம் ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டார். நாடகம், அருங்காட்சியகம், சொற்பொழிவு என்று நகரத்தின் மற்ற பாதி வாழும் அறிவு வாழ்க்கை எங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் தந்த பதிலின் சாரம். ஷோரிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, வறிய குடும்பங்களின் இளைஞர்களுக்குத் தத்துவம், கவிதை, கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, தர்க்கம் ஆகிய ஐந்தையும் இலவசமாகக் கற்பிக்கும் ஒரு படிப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் வாசித்தவற்றில் பிளேட்டோவும் உண்டு. கிளெமென்டே படிப்பு என்ற பெயரில் அது பல நகரங்களுக்குப் பரவியது.

வேலை விஷயத்துக்கே வருவோம். மெக்கானிக்கலும் சிவிலும் படித்தவர்கள் ஐ.டி. நிறுவனங்களில் கணினி நிரல் எழுதுவதை நாம் எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம். பெரிய நிறுவனங்கள் எந்தக் கிளையில் படித்தவரையும் எடுத்து, தங்கள் செலவில் சில மாதங்கள் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகின்றன. பட்டத்தின் பெயருக்கும் பார்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வழக்கமான நிரலையும் கடிதத்தையும் நொடியில் எழுதித் தருகின்றன. அவை தந்த பதில் சரியா, அதில் என்ன விடுபட்டிருக்கிறது, கேள்வியே தவறாக இருந்ததா என்று பார்ப்பது மனிதரின் வேலை. முன்பு சொன்ன புள்ளியியல், பொருளாதார, இலக்கியக் கேள்விகள் மூன்றும் இங்கே கைகொடுக்கும்.

இனி நம் கல்லூரிகளைப் பார்ப்போம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இத்தனை இளைஞர்கள் கல்லூரிக்குள் வந்துவிட்ட ஒரு மாநிலத்துக்குப் புதிதாக ஒரு பாடத்திட்டம் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. கலை அறிவியல் கல்லூரிப் பட்டத்தின் அமைப்பிலேயே இது இருக்கிறது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜரும் அல்லைடு என்ற துணைப்பாடமும், நான்கில் நான்-மேஜர் எலெக்டிவ் என்ற வேற்றுத்துறை விருப்பப் பாடமும் சுற்றுச்சூழலும் விழுமியக் கல்வியும், ஐந்து நாட்டுநலப்பணி போன்ற வெளிப்பணிகள். காகிதத்தில் நல்ல பல்துறைக் கல்வி. நடைமுறையில் பல இடங்களில் வகுப்புத் தகுதியை மூன்றாம் பகுதி மதிப்பெண்ணே தீர்மானிப்பதால், மற்றவை ‘பாஸானால் போதும்’ என்ற நிலைக்கு வந்துவிட்டன. நான்-மேஜர் எலெக்டிவை மாணவர் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் கால அட்டவணை தேர்ந்தெடுக்கிறது. தமிழ் வகுப்பில் நோட்ஸ் எழுதிக்கொள்வதோடு பாடம் முடிகிறது.

இதற்கு வேர் ஆழத்தில் இருக்கிறது. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தபோது, கற்பிப்பது கல்லூரியின் வேலை, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை என்று பிரித்தார்கள். அன்றிலிருந்து வினாத்தாளே ஆசிரியரானது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான ஆணையம் 1948-49இலேயே பட்டப்படிப்பில் பொதுக்கல்விக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வினாத்தாள் மாறாததால் அது பெரிய அளவில் வேர்பிடிக்கவில்லை. அறுபது பேர் உட்காரும் வகுப்பை, நிரந்தர வேலையில்லாத கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நடத்தும்போது விவாதமும் கட்டுரைத் திருத்தமும் எப்படி நடக்கும் என்பதும் நியாயமான கேள்வி. ஆசிரியர் நியமனத்தைப் பேசாமல் இந்தக் கல்வியைப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனாலும் இந்த செமஸ்டரிலேயே செய்யக்கூடியவை உண்டு. தமிழ்த் தேர்வில் ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்ற கேள்விக்குப் பதிலாக, வகுப்பில் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லும் ஒரு கேள்வியாவது இருக்கலாம். கல்லூரி அளவிலான இன்டர்னல் தேர்வில் இதற்குப் பல்கலைக்கழக அனுமதி தேவைப்படாது. மாணவர்கள் நான்-மேஜர் எலெக்டிவ் பட்டியல் துறையிலிருந்து போவதற்கு முன்பே டியூட்டரிடம் கேட்டு, வேதியியல் படிப்பவர் வரலாற்றையும் வணிகவியல் படிப்பவர் உளவியலையும் கேட்டு வாங்கலாம். நேரம் பொருந்தவில்லை என்றால் ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் தத்துவம், பொருளாதாரம், இலக்கியம் என்று எல்லாவற்றிலும் பாடங்கள் இருக்கின்றன. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாக கிரெடிட் பெறலாம். அதைக் கல்லூரி ஏற்கவேண்டும் என்பதால், பதிவு செய்யும் முன் முதல்வர் அலுவலகத்தில் எழுத்துவடிவில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.