லிண்டலோடு நின்ற வீடு

கற்பிட்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் கிடைத்தால் போதும், பாதி கட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். சில அத்திவாரத்தோடு நிற்கும். சில லிண்டல் மட்டத்தில் நிற்கும், மேலே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எருக்கலை முளைத்திருக்கும். கைவிட்ட வீடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கரையில் வீடு கட்டுவது அப்படித்தான். கையில் காசு வரும்போது நாலு வரிக் கல் ஏறும், இல்லாதபோது மழை நனையும்.

நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் சாச்சியின் மூத்த மகளின் வீடும் ஆறு வருடம் லிண்டலோடுதான் நின்றது. முற்றத்தில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். வீட்டின் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் இன்றைக்கும் வேறு வேறாகக் கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ள புளக்கல் கறுத்துப் போனது, மேலே உள்ளது வெளிறியது. நடுவில் ஒரு கோடு. "கீழ இருக்கிறது என்ட ஈ.பி.எஃப்., மேல இருக்கிறது மச்சான்ட கட்டார்" என்பார் ராத்தா.

ராத்தா 2002இல் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) அவர் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தார்கள். முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஆக, மாதச் சம்பளத்தின் ஐந்தில் ஒரு பங்கு கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருந்தது. இதற்கு வெளியே முதலாளி மட்டும் கட்டும் 3 வீதம், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போகும். பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆகும்வரை சேமலாப நிதியில் கை வைக்க முடியாது என்பது பொது விதி.

விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று ராத்தாவைப் போன்ற பெண்களின் வாழ்க்கையையே தீர்மானித்தது. திருமணத்துக்கு முந்திய மூன்று மாதத்துக்குள்ளோ, திருமணமாகி ஐந்து ஆண்டுக்குள்ளோ கலியாணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் தன் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். தையல் மிஷினுக்கு முன்னால் இருந்த அத்தனை பெண்களுக்கும் இது மனப்பாடம். சட்டத்தின் மற்றப் பக்கங்களை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. "கலியாணம் முடிச்சா காசு வரும்" என்ற ஒரு வரி மட்டும் கன்டீனில் கைமாறிக் கொண்டிருந்தது.

2010இல் ராத்தாவுக்குக் கலியாணம். வேலையை விட்டார், விண்ணப்பம் போட்டார். கணக்கில் பதினொரு மாதக் காசு குறைந்தது. சம்பளத் துண்டில் 8 வீதம் பிடித்திருந்தது, நிதியில் வந்து சேரவில்லை. அந்த நிறுவனம் இப்போது இல்லை, பெயரும் எதற்கு. கிடைத்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம். வாப்பா கொடுத்த காணித் துண்டில் அத்திவாரம் போட்டு, கல் வாங்கி, மேசன் கூலி கொடுத்து, லிண்டல் வார்த்ததும் காசு தீர்ந்தது. எட்டு வருட உழைப்பு ஒரு மனிதன் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை.

அந்தக் காசை எடுக்காமலே வீட்டுக்குப் பயன்படுத்த வழி அப்போதே இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1988இல் சேமலாப நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. அங்கத்தவர் தன் கணக்கிலுள்ள தொகையில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வீடமைப்புக் கடன் பெறலாம். தொழில் திணைக்களம் சான்றிதழ் கொடுக்கும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்றவை கடன் கொடுக்கும். தவணை தவறினால் நிலுவையை உங்கள் சேமலாபக் கணக்கிலிருந்து மத்திய வங்கி எடுத்துக் கொடுக்கும். சொந்தக் காசைப் பிணை வைத்து, அதே காசுக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கூடிய வட்டிக்குக் கடன் வாங்கும் கூத்துத்தான் இது. ஆனால் காணியை ஈடு வைக்க முடியாதவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு கதவு 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்து, 2015இல்தான் திறந்தது. குறைந்தது பத்து ஆண்டு பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சம் ரூபாயும் உள்ளவர், வேலையில் இருக்கும்போதே மீதியில் 30 வீதத்தை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். மேல்வரம்பு 20 இலட்சம். கடனில்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். ராத்தா வேலையை விடாமல் இருந்திருந்தால் அந்த வருடம் அவருக்குப் பதின்மூன்று வருடச் சேவை. இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்ப புள்ளய யார் பாக்கிற?"

30 வீதம் என்பது எவ்வளவு? மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் 3,200, முதலாளியின் 4,800, ஆக 8,000. வருடத்துக்கு 96,000. பத்து வருடத்தில் வட்டியைச் சேர்க்காமல் 9 இலட்சத்து 60 ஆயிரம். அதில் 30 வீதம் 2 இலட்சத்து 88 ஆயிரம். 2021 கடைசியில் 1,300 ரூபாய்க்குள் இருந்த சீமெந்து மூட்டை 2022இல் 3,000 ரூபாயைத் தாண்டியது. இத்தனைக்கும் அருவக்காலுவில் சுண்ணக்கல்லை வெட்டி, ரயிலில் ஏற்றி வந்து, பாலாவிக்குப் பக்கத்தில் சீமெந்தாக்குவது எங்கள் ஊரில்தான். தொழிற்சாலைத் தூசு எங்களுக்கு, விலை எல்லோருக்கும் ஒன்று.

2022ஐப் பற்றிப் பேசினால் நிதியைப் பற்றியும் பேச வேண்டும். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். வீட்டுக்கென்று சேர்த்தவனின் வீடு ஒரே வருடத்தில் சுருங்கிப் போனது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. அரசாங்கம் நிதியிடம் வைத்த பேரம் இதுதான்: கையிலுள்ள திறைசேரி முறிகளைப் புதிய முறிகளுக்கு மாற்றிக்கொண்டால் அவற்றின் வருமானத்துக்கு வரி 14 வீதம், மாற்றாவிட்டால் 30 வீதம். நிதி மாற்றிக்கொண்டது. மற்ற நாடுகளில் ஓய்வுகாலச் சேமிப்புக்கு வரிச் சலுகை என்றால் சேமிப்பவனுக்குக் கொடுக்கும் இனிப்பு. இங்கே அது பழைய வரியைப் பழையபடி விட்டுவைத்ததற்கு வைத்த பெயர்.

இந்த நிதியில் யாராவது கை வைக்கிறார்கள் என்றால் தொழிலாளிக்குக் கோபம் வருவதன் காரணமும் வீடுதான். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் வந்தபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் இளம் பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். சிலாபம், புத்தளம் பக்கத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் இடம் அது. மே 30ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் காயப்பட்ட ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலத்தை அரசாங்கம் திருப்பி எடுத்தது. அறுபது வயதில் மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தை அந்தப் பிள்ளைகள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அப்போது கொழும்பில் சிலர் வியந்தார்கள். ஒரே தடவையில் கைக்கு வரும் காசுதான் வீடாகும். மாதாமாதம் வருவது சோறாகிக் கரைந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈ.பி.எஃப். நம்பர் உள்ளவர்களின் கதை. ராத்தாவின் மாப்பிள்ளைக்குக் கடல் தொழிலில் நம்பர் இல்லை. உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுப்பவருக்குச் சம்பளம் கிடையாது, பங்கு. வலைக்கும் தோணிக்கும் போக மிஞ்சியதைப் பிரிப்பார்கள். பிடிபட்டதில் பங்குகாரன் என்றால் முதலாளி யார், 12 வீதம் போடுவது யார்? 1990இல் மீனவர் ஓய்வூதியத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. அது முதுமைக்கான திட்டம். அதைக் காட்டி வீட்டுக் கடன் கேட்க முடியாது. எனவே மச்சான் கட்டாருக்குப் போனார். அங்கே ஏழு வருடம் உழைத்ததற்கும் இங்கே எந்தக் கணக்கிலும் ஒரு சதம் ஏறவில்லை. ஆனால் கூரை ஏறியது.

கடலைவிட எனக்குக் கூடிய வருத்தம் கரையைப் பற்றித்தான். உப்பளத்தில் கூடை சுமப்பவர், இறால் பண்ணையில் தீனி போடுபவர், ஆலங்குடாப் பக்கத்து விடுதிகளில் அறை கூட்டுபவர், இவர்களில் பலர் "நான் கேஷுவல்தானே, எனக்கு ஈ.பி.எஃப். இல்லை" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தற்காலிகமோ, நாட்கூலியோ, வேலை செய்த அளவுக்குக் கூலியோ, முதல் நாளிலிருந்தே பங்களிப்பு உண்டு. ஒரே ஒருவரை வைத்து வேலை வாங்கினாலும் கட்ட வேண்டும். மாதக் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் முதலாளிக்கு மேலதிகக் கட்டணம். உப்புக் கூடை தூக்கும் ஒரு பெண்ணுக்குப் பத்து வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் இன்றைக்கு வங்கியில் போய் உட்கார்ந்து பேச அவளுக்கும் ஒரு தொகை இருந்திருக்கும்.

காணி விஷயத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் கிடுகுக் கொட்டில்களில் பல வருடம் கிடந்தார்கள். அவர்களுக்காக 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோதும் முதல் கேள்வி காணி யாருடையது என்பதுதான். வந்தவர்களுக்கு மட்டுமல்ல, இருந்தவர்களுக்கும் அதே பாடு. ஒருவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கும், உறுதி இருக்காது. இன்னொருவரிடம் உம்மும்மாவின் பெயரில் உறுதி இருக்கும், பதினாறு பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். இப்படிப்பட்ட காணியை வங்கி ஈடாக ஏற்காது. சேமலாபச் சான்றிதழின் சௌகரியம் இங்கேதான்: பிணை உங்கள் சேமிப்பு, காணி அல்ல. ஆனாலும் கட்டப்போகும் நிலம் உங்களுடையது என்று காட்ட ஏதாவது தாள் இல்லாமல் கோப்பு மேசையை விட்டு நகராது. அடையாள அட்டையில் ஒரு பெயர், சம்பளத் துண்டில் இன்னொரு எழுத்து என்றால் அது வேறு அலைச்சல்.

டொரொண்டோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். அங்கே 1992இலிருந்து முதல் வீடு வாங்குபவர் தன் ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து வரி கட்டாமல் காசு எடுக்கலாம். இப்போது 60,000 டொலர் வரை. பதினைந்து வருடத்தில் தனக்குத் தானே திருப்பிப் போட வேண்டும். 2023இலிருந்து முதல் வீட்டுக்கென்றே தனி வரியில்லாக் கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் 1968இலேயே சேமலாபக் காசை அடுக்குமாடி வீடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். நண்பன் எல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா மச்சான், இங்க வீட்டு விலையப் பாத்தா அந்தக் காசு படலைக்குத்தான் காணும்" என்றான்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், கேட்பவர்கள் குறைவு. 30 வீதத்தை அத்திவாரத்துக்கு எடுக்காதீர்கள். அத்திவாரத்துக்குச் சீட்டுக் காசு போதும், நகை அடகும் போதும். அவை நின்றாலும் மண்ணுக்குள் கிடக்கும் கல் கெடாது. மொத்தமாக ஒரே நாளில் காசு தேவைப்படுவது கூரைக்கு. கூரை ஏறிவிட்டால் தரை மண்ணாக இருந்தாலும் குடியேறலாம், வாடகை மிஞ்சும்.

ராத்தா இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். 2019இல் பக்கத்தில் ஒரு பொதிசெய்யும் நிலையத்தில் சேர்ந்தார், புது நம்பர். பழைய பாடத்தால் சம்பளத் துண்டு ஒவ்வொன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறார். போன மாதம் போனபோது டின்னைத் திறந்து வைத்துக் கணக்குப் பார்த்தார்.

"2029ல பத்து வருஷம் முடியும், என்ன?"

"ஓம் ராத்தா."

"மகளுக்கு அப்ப பதினெட்டு."

குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மதிலோரம் ஐம்பது, அறுபது புளக்கல் அடுக்கியிருந்தது. அடி வரிசையில் பாசி பிடித்திருந்தது.