ஏட்டில் ஏறாத மெட்டு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல். கீழப்பழுவூரில் வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அமெரிக்கப் பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தோம்.

அமெரிக்கப் பாட்டு என்றதும் நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காதைப் பிளக்கும் கொட்டும் கூச்சலும் அதில் இல்லை. கிதார் வாத்தியத்தை மெல்ல மீட்டிக் கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற பாவனையில் ஒரு மனிதர் பாடிக் கொண்டிருந்தார். முன்பு நம்மிடம் படித்து, இப்போது கடல் கடந்து உத்தியோகம் பார்க்கும் மாணவர் ஒருவர் அனுப்பி வைத்த ஆறு இசைத் தட்டுகளில் அது ஒன்று.

அடுத்த வீட்டு ஆயா எண்பது வயதைத் தாண்டியவர். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஆயா, நமக்கும் அப்படியே. வெற்றிலையை மென்று கொண்டே வந்து திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பாட்டு முடியும் வரையில் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, இது யாரு? வயக்காட்டு வேலை செஞ்ச ஆளா?" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

"எப்படித் தெரிந்தது, ஆயா?"

"மூச்சை மிச்சம் வச்சுப் பாடுறானே! நாள் பூரா பாடுறவங்கதான் அப்படிப் பாடுவாங்க."

பாஷை தெரியாத ஆயா கண்டுபிடித்துவிட்ட அந்த மனிதரை, பாஷை தெரிந்த அமெரிக்கர்கள் முப்பத்தைந்து வருஷ காலம் தொலைத்துவிட்டுத் தேடிய கதை ஒன்று இருக்கிறது.

அரக்கில் பதிந்த குரல்கள்

1920-ம் வருஷங்களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் இசைத் தட்டுக் கம்பெனிகள் தென் மாகாணங்களின் குடியானவர்களையும் கூலிக்காரர்களையும் பாட வைத்துத் தட்டுகளாக விற்றன. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷப் பாட்டு. பிறகு பெரும் பொருளாதார மந்தம் வந்தது. சோற்றுக்கே திண்டாடும் ஜனங்கள் பாட்டு வாங்குவார்களா? வியாபாரம் படுத்தது, பாடினவர்கள் ஏர்பிடிக்கத் திரும்பிப் போனார்கள்.

அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கினால் செய்யப்பட்டவை. அந்த அரக்கில் பெரும் பகுதி நம் இந்திய தேசத்துக் காடுகளிலிருந்தே போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின் போது அரக்கு கிடைப்பது அரிதாகவே, பழைய தட்டுகளை விலைக்கு வாங்கி உருக்கத் தொடங்கினார்கள். அப்படி அழிய இருந்த தட்டுகளை ஓர் இளைஞர் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் பெயர் ஹாரி ஸ்மித். சேர்த்தவற்றிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி, "அமெரிக்க நாடோடி இசைத் தொகுப்பு" என்ற பெயரில் 1952-ல் வெளியிட்டார். மோசஸ் ஆஷ் என்பவர் நடத்திய ஃபோக்வேஸ் கம்பெனியார் அதை ஆறு தட்டுகளாகக் கொண்டு வந்தார்கள்.

தொகுப்பில் ஒரு விசேஷம் உண்டு. கம்பெனிக்காரர்கள் கறுப்பர் பாட்டைத் தனியாகவும் வெள்ளையர் பாட்டைத் தனியாகவும் பட்டியல் போட்டு விற்று வந்தார்கள். ஸ்மித்தோ கதைப் பாட்டு, கூட்டத்தில் பாடும் பாட்டு, மற்றப் பாட்டு என்று மூன்றாகப் பிரித்தாரே தவிர, பாடினவர் என்ன நிறம் என்று எழுதவே இல்லை. நிறம் பார்த்துக் கேட்டுப் பழகிய தேசத்தில், கேட்பவர்கள் காதை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. சேரிப் பாட்டு, ஊர்ப் பாட்டு என்று பிரித்தே பழகிய நாமும் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

பாட்டுக்குள் இருந்த விலாசம்

தொகுப்பில் இரண்டு பாட்டுகள் மிஸிஸிப்பி மாகாணத்து ஜான் ஹர்ட் பாடியவை. 1928-ல் தட்டுக் கொடுத்த பிறகு அவர் என்ன ஆனார் என்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. செத்துப் போயிருப்பார் என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் அதே 1928-ல் அவர் பாடிய இன்னொரு பாட்டில், ஆவலான் என்ற சிற்றூரைத் தம் சொந்த ஊர் என்று சொல்லியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக் கொண்டு 1963-ல் ஆவலானுக்குப் போனார். ஹர்ட் உயிரோடு இருந்தார்! எழுபது வயதை எட்டிய நிலையிலும் அதே ஊரில் பண்ணை வேலை செய்து பிழைத்துக் கொண்டிருந்தார்.

அதே வருஷம் நியூபோர்ட் நகரத்து நாடோடி இசை விழாவில் அவர் பாடினார். 1966-ல் காலமாகும் வரையில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். புதிய தட்டுகளும் கொடுத்தார். ஸ்மித்தின் தொகுப்பையும் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தார் 1997-ல் மறுபடியும் வெளியிட்டார்கள். நம் மாணவர் அனுப்பியது அந்தப் பதிப்புத்தான்.

தட்டில் பெயர் இருந்தது. பாட்டுக்குள் ஊர் இருந்தது. இவ்விரண்டும் இருந்ததால் ஒரு மனிதர் கிடைத்தார்.

நம் ஊர்க் கதை

தொலைந்த பாட்டைத் தேடுவது நமக்கும் புதிதன்று. நம் கீழப்பழுவூர் ஆலந்துறைநாதர் கோயில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகங்களே ஒரு காலத்தில் வழக்கொழிந்து கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, செல்லரித்துப் போன சுவடிகளை எடுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது.

இந்தக் கதையை நாம் வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறோம். ஆனால் அதன் பின்பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எழுத்தை வைத்துக் கொண்டு எப்படிப் பாடுவது? அப்போது, சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணி எருக்கத்தம்புலியூரில் இருப்பது தெரிய வந்தது. அவரைக் கொண்டுதான் பண்களை வகுத்தார்கள் என்பது புராணம். சக்கரவர்த்தி திறந்த அறையில் இல்லாத ஒன்று ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது.

நாடோடிப் பாடல் விஷயத்தில் நாம் இன்னும் அந்த முதல் பாதியிலேயே நிற்கிறோம். ஏடுகளுக்குக் குறைவில்லை. 1871-லேயே சார்லஸ் கோவர் தென்னாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேர்த்து வைத்த பாடல்களை, ஸ்ரீ கி. வா. ஜகந்நாதன் அவர்கள் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் நூல் நிலையத்தார் 1958-ல் "மலையருவி" என்று வெளியிட்டார்கள். 1964-ல் பேராசிரியர் நா. வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" வந்தது. எல்லாம் பெரிய தொண்டு. ஆனால் புத்தகத்தில் ஏறியது சொல், மெட்டு ஏறவில்லை. குரலையும் காப்பாற்ற முடியும் என்பதற்குக் கொல்லங்குடி கருப்பாயி சாட்சி. வானொலி அவரை அழைத்துப் பாட வைத்தது. 1985-ல் "ஆண் பாவம்" படத்திலும் வந்தார். அவர் குரல் இன்றும் இருக்கிறது. அவரைப் போன்ற எத்தனையோ பேருடைய குரல் எங்கே?

நாம் செய்த பிழை

அதில் ஒரு குரல் தொலைந்ததற்கு நாமே பொறுப்பு என்பதை அன்றைய பிற்பகலில்தான் அறிந்து கொண்டோம்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், உபாத்தியாயர் வேலைக்கு வந்த புதிதில், மாணவர்களை விட்டு அவரவர் வீட்டுப் பாட்டிமாரிடம் பாட்டுக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. நாம் என்ன செய்தோம் தெரியுமா? சிவப்பு மையால் பேச்சு வழக்கையெல்லாம் இலக்கண சுத்தமாகத் திருத்தினோம். ஒவ்வொன்றின் அடியிலும் "பாடியவர்: கிராமத்து மூதாட்டி" என்று எழுதினோம். அதைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தோம்.

உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து, ஒரு நடவுப் பாட்டை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினோம். ஆயா சிரித்துவிட்டார். "இது பாட்டா தம்பி? கடுதாசி படிக்கிற மாதிரியில்ல இருக்கு!" என்றார். பிறகு, நாம் திருத்திய சொற்களையெல்லாம் பழையபடி திருத்தி, அவரே பாடத் தொடங்கினார். நாற்றை ஊன்றக் கை இறங்கும் இடத்தில் பாட்டு அழுந்தியது. அடி பின்னால் எடுத்து வைக்கும் இடத்தில் நீண்டது. நாம் நீக்கியிருந்த ஓசைகளெல்லாம் அந்த இடங்களுக்கு உரியவை.

திடீரென்று நிறுத்திவிட்டார்.

"மேலே பாடுங்கள், ஆயா."

"எங்கிட்ட இல்ல தம்பி. நான் பின்பாட்டுக்காரி. முன்பாட்டு எடுக்கிறவ செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு. அவ எடுத்துக் கொடுப்பா, நாங்க வாங்கிப் பாடுவோம். அவ எடுக்கிறது எங்க யாருக்கும் வராது."

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த நோட்டுப் புத்தகம் எழுதிய காலத்தில் அந்த அம்மாள் உயிரோடு இருந்திருக்கிறார். இந்தப் பாட்டே அவர் சொல்லி எழுதியதாக இருக்கலாம். நம் சிவப்பு மை அதைத் தெரிந்து கொள்ளவும் வழி வைக்கவில்லை.

அன்று கிராமத்தில் பதிவு செய்யும் யந்திரம் அபூர்வம் என்று சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளலாம். பெயரை எழுத எந்த யந்திரமும் வேண்டியதில்லையே! இன்றைக்கோ வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. நேயர்கள் வீட்டில் ஒரு பாட்டியோ, பழைய ஊர்க்காரரோ இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் பெயர், ஊர், எந்த வேலையின் போது பாடியது, யாரிடம் கற்றது, என்றைக்குப் பதிந்தது என்ற ஐந்தையும் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பிரதி ஒன்றை வேறு இடத்திலும் வையுங்கள். தயவு செய்து இலக்கணம் திருத்தாதீர்கள்.

அன்று மாலை வெயில் தாழ்ந்ததும், ஆயா தமக்கு வந்த வரையில் பாடினார். நாம் பதிவு செய்து கொண்டோம். முடித்ததும் தம் பெயரையும் ஊரையும் கொஞ்சம் வெட்கத்துடன் சொன்னார். நாம் செல்போனை அணைக்கப் போனோம். ஆயா நம் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு தம்பி. அவ பேரையும் சொல்லிடறேன்."