விண்டோஸ் 10-க்கு மூடுவிழா: பழைய கம்ப்யூட்டரை எடைக்கு போடணுமா? டிடிபி கடைக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

சிவகாசி:

காலண்டர், டைரி, நோட்டு அட்டை, பட்டாசு லேபிள்... சிவகாசியில் எந்த அச்சு வேலையை எடுத்தாலும் அது முதலில் உருவாவது ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான். அச்சகம் இருக்கிற தெருவில் டிடிபி கடையும் இருக்கும். அந்த கடைகளில் ஓடுகிற கம்ப்யூட்டர் பலதும் புதுசு இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி அசெம்பிள் செய்தது, நடுவில் ஒரு தடவை ராம் போட்டது, பேன் மாத்தினது என்று காலம் தள்ளிக்கிட்டு இருக்கிறவைதான்.

இந்த மெஷின்களுக்குத்தான் 2025 அக்டோபர் 14-ந்தேதி ஒரு முடிவு வந்தது. தீபாவளிக்கு சரியாக ஆறு நாள் முன்பு. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் பிடித்து, மூச்சு விட நேரம் இல்லாமல் அச்சகங்கள் ஓடிக்கிட்டு இருந்த சீசன். அன்றைக்குத்தான் விண்டோஸ் 10-க்கு இனிமேல் இலவச பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாப்ட் கதவை சாத்தியது.

அது முதல் ஒரே குழப்பம். "இனி கம்ப்யூட்டர் ஆன் ஆகாது" என்கிறார் ஒருவர். "எல்லாத்தையும் தூக்கிப்போட்டு புதுசு வாங்கு" என்கிறார் இன்னொருவர். "நான் 11 ஏத்தி தர்றேன், 500 ரூபாய் கொடு" என்று பென் டிரைவோடு வருகிறார் மூணாவது ஆள். மூன்றையும் அப்படியே நம்ப வேண்டாம்.

நின்றது என்ன?

விண்டோஸ் 10 நிற்கவில்லை. அக்டோபர் 15-ந்தேதி காலையிலும் எல்லா கம்ப்யூட்டரும் வழக்கம்போல ஆன் ஆகத்தான் செய்தது. நின்றது, மாதாமாதம் வந்துக்கிட்டு இருந்த ஒட்டு வேலை.

விண்டோஸ் என்பது பல கோடி வரி எழுதிய புரோகிராம். அதில் எங்கேயாவது ஓட்டை இருந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அந்த மாதத்தில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாப்ட் விடும். அது வருவதை நிறுத்திவிட்டால் புது ஓட்டை திறந்தே கிடக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. விண்டோஸ் 10-ம் 11-ம் அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் 11-க்கு ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டால், அந்த அப்டேட்டை பிரித்துப் பார்க்கிற திருட்டுக்கும்பலுக்கு, 10-ல் அதே ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் பூட்டு மாற்றுவதைப் பார்த்து, நம்ம வீட்டில் அதே பழைய பூட்டுதான் தொங்குது என்று திருடன் தெரிந்துகொள்கிற கதை.

சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை இது. 2017-ம் ஆண்டு மே மாதம் 'வான்னாக்ரை' என்கிற வைரஸ் உலகத்தையே ஆட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதை போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. பைல் எல்லாவற்றையும் பூட்டு போட்டுவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாக கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சையே தள்ளிப்போனது. ஆந்திர போலீசாரின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

டிடிபி கடைக்காரர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வைரஸ் ஒரு மெஷினில் புகுந்தால், நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கும் மற்ற மெஷினுக்கு தானாகவே பரவியது. நம்ம கடைகளில் ஒரே பிரிண்டரை நாலு கம்ப்யூட்டருக்கு பொதுவாக்கி, பைலை ஷேர் பண்ணி வைத்திருப்பது வழக்கம். ஒன்று போனால் நாலும் போகும். பத்து வருஷ டிசைன், வாடிக்கையாளர் லோகோ, போன வருஷ காலண்டர் பைல் எல்லாமே அதற்குள்தான் கிடக்கிறது.

11 ஏன் ஏற மாட்டேங்குது?

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. அந்த வருஷம் மே மாதம் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் பேசும்போது, இதுதான் கடைசி விண்டோஸ் என்ற அர்த்தத்தில் சொல்ல, உலகமே அதை நம்பியது. கடைசியில் 2021 அக்டோபர் 5-ந்தேதி 11 வந்து நின்றது.

வந்தது மட்டும் இல்லை, கூடவே நிபந்தனையும் கொண்டு வந்தது. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் சாதாரணம். சிக்கல் இரண்டில். ஒன்று, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப். பாஸ்வேர்டு, பூட்டு சாவி மாதிரியான ரகசியங்களை தனியாக பத்திரப்படுத்தும் பெட்டி இது. இன்னொன்று, பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். 7-வது தலைமுறை ஐ7 வைத்திருப்பவருக்கும் இடம் இல்லை. ஆனால் அதைவிட மெதுவாக ஓடும் பிற்கால செலரான் பட்டியலில் இருக்கு! அப்போ வேகத்துக்காக போட்ட நிபந்தனை இல்லை இது என்று புரிகிறது அல்லவா? புது பாதுகாப்பு வசதிக்காக என்பது கம்பெனியின் விளக்கம். புது கம்ப்யூட்டர் விற்பனைக்கும் இது நல்ல வசதி என்பது நம்ம கணக்கு.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. 2016 வரை கொடுத்த மாடல்களுக்கு இந்த பட்டியலில் இடம் கிடைக்க வாய்ப்பில்லை. உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் இந்த நிபந்தனையால் குப்பைக்கு போகலாம் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

உங்க மெஷின் எந்த பக்கம் என்று பார்ப்பது சுலபம். திஸ் பிசி ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்க. பிராசசர் பெயர் ஐ5-8400 என்று இருந்தால், கோட்டுக்கு அடுத்த எண் 8. அதாவது 8-வது தலைமுறை. ஐ5-7400 என்றால் 7. ஐ5-10400 மாதிரி ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்ணை சேர்த்து 10 என்று படிக்கணும். மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்கிற இலவச புரோகிராமும் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்கணும். 8-வது தலைமுறைக்கு மேல் இருந்தும் 'தகுதி இல்லை' என்று காட்டினால் உடனே கடைக்கு ஓடாதீங்க. அசெம்பிள் செய்த மெஷின்களில் டிபிஎம் வசதி உள்ளேயே இருந்தும் பயாசில் ஆப் செய்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எப்டிபிஎம். அதை ஆன் செய்தால் முடிந்தது வேலை. இதற்குப் போய் போர்டு மாற்றணும் என்று யாராவது சொன்னால், வேறு மெக்கானிக்கை பாருங்க.

500 ரூபாய் ஆசாமி

தகுதி இல்லாத மெஷினில் 11-ஐ ஏற்ற வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரூபஸ் மாதிரியான டூல் வைத்து நிபந்தனை சோதனையை தாண்டி ஏற்றிவிடலாம். ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவோம் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டது. வருடாந்திர பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் அதே ஆளைத்தான் கூப்பிடணும்.

அதைவிட பெரிய ஆபத்து, அந்த பென் டிரைவில் இருக்கும் கிராக். ஆக்டிவேஷன் பண்ணித்தரும் திருட்டு புரோகிராமை ஓட விடுவதற்கு முன்பு ஆன்டிவைரசை ஆப் செய்யச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு அன்னியனை உள்ளே விடுகிற வேலை. கம்ப்யூட்டரை பாதுகாக்கத்தான் 11-க்கு மாறுகிறோம். அதை இப்படி மாற்றினால் என்ன பிரயோஜனம்?

செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டிலும் இதே கூத்து உண்டு. 6, 7-வது தலைமுறை லேப்டாப்பில் 11-ஐ ஏற்றி வைத்து, "லேட்டஸ்ட் விண்டோஸ் சார்" என்று காட்டினால் ஏமாந்துவிட வேண்டாம். திரையில் 11 தெரிகிறதா என்று பார்க்காதீங்க, பிராசசர் எண்ணை பாருங்க.

ஓராண்டு தவணை

மைக்ரோசாப்டே ஒரு தவணையும் அறிவித்தது. தனிநபர் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடரும். இதற்கு 30 டாலர், நம்ம பணத்தில் சுமார் 2,600 ரூபாய். ஆனால் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசே இல்லாமல் கிடைக்கும்படி வைத்தார்கள். 22எச்2 என்ற கடைசி பதிப்பு இருக்கணும். செட்டிங்சில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான லிங்க் வரும். கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் ரேட் வேறு. முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பு, மூன்றாவது வருஷம் அதற்கும் இரட்டிப்பு. மூன்று வருஷத்துக்கு கூட்டிப் பார்த்தால் ஒரு மெஷினுக்கு 427 டாலர். அதுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

இந்த தவணை அவகாசம்தான், தீர்வு இல்லை.

டிடிபி கடையில் லினக்ஸ் எடுபடுமா?

லினக்ஸ் போடு, இலவசம், வைரஸ் தொல்லை குறைவு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். லினக்ஸ் மின்ட் பழைய மெஷினிலும் நன்றாக ஓடும். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சே அரசு லேப்டாப்பில் விண்டோசோடு சேர்ந்து வந்தது. பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம், கடிதம் டைப் செய்வது என்கிற அளவுக்கு யோசிக்காமல் மாறலாம்.

ஆனால் டிடிபி வேலைக்கு இது ஒத்துவராது. போட்டோஷாப்புக்கும் பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பே கிடையாது. பேஜ்மேக்கரின் கடைசி பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அடோபி கம்பெனியே அதை கைவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனா தமிழ் டிடிபி வேலையில் அதை விடாமல் பிடித்திருப்பவர்கள் இன்னமும் உண்டு. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய பைல்கள், கை பழகிய கீபோர்டு, யுஎஸ்பி பூட்டு போட்டால்தான் திறக்கும் தமிழ் சாப்ட்வேர்... இதெல்லாம் சேர்ந்த சங்கிலி. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். 32 பிட் விண்டோசில் ஓடிய பழைய பிரிண்டர் டிரைவரும், அந்த பூட்டின் டிரைவரும் அதில் எடுபடாது.

அதனால் இந்த கடைகளுக்கு சரிப்படும் வழி, வேலையை இரண்டாக பிரிப்பது. டிசைன் செய்யும் பழைய மெஷினில் இருந்து இன்டர்நெட் வயரை கழற்றிவிடுங்க. வைபை பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்க. பிறகு அது விண்டோஸ் 10 ஆனாலும் சரி, 7 ஆனாலும் சரி, ஹார்டுவேர் தாங்கும் வரை ஓடட்டும். இ-மெயில், வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாவற்றுக்கும் அப்டேட் வருகிற ஒரே ஒரு மெஷின் போதும். நாலு புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடியும். இரண்டுக்கும் நடுவில் போய் வரும் பென் டிரைவை புது மெஷினில் ஸ்கேன் செய்த பிறகே பழையதில் சொருகணும். வாரம் ஒரு நாள் டிசைன் பைல்களை தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைக்கணும். சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

ஏடிஎம் மெஷின்களையே பாருங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் சப்போர்ட் முடிந்தது. நாலு வருஷம் கழித்து 2018 ஜூனில்தான் ரிசர்வ் வங்கி, ஏடிஎம்களில் சப்போர்ட் உள்ள பதிப்புக்கு மாறுங்கள் என்று பேங்குகளுக்கு கெடு விதித்தது. பேங்குக்கே அவ்வளவு இழுத்திருக்கு.

புதுசு வாங்கும் நேரமும் சரியில்லை

இருக்கிறதை காப்பாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. ஒரு சில மாதத்தில் இரண்டு மடங்கையும் தாண்டியது. உலகத்தில் ராம் சிப் தயாரிப்பில் பெரும் பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனி கையில். அவர்களுக்கு ஏஐ டேட்டா சென்டர்கள் மொத்தமாக, அதிக விலைக்கு ஆர்டர் கொடுக்கின்றன. சில்லறைக்கு வாங்கும் நம்மை யார் சீந்துவார்கள்? நம்ம ஊர் கடைகளிலும் பேர் தெரிந்த குரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3-ந்தேதி அறிவித்தது.

பழைய மெஷினில் சும்மா கிடக்கும் ராமை கழற்றி பத்திரப்படுத்துங்க. 8 ஜிபிக்கு மேல் இருந்தும் மெஷின் மந்தமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதை எஸ்எஸ்டி ஆக்கினாலே வேகம் கூடும்.

எல்லாம் பார்த்த பிறகும் எடைக்குத்தான் போடணும் என்றால், ஹார்டு டிஸ்க்கை முதலில் கழற்றிவிடுங்க. வாடிக்கையாளர்கள் பிரிண்ட் எடுக்க கொடுத்த ஆதார், பத்திர நகல், பேங்க் பாஸ்புக் எல்லாம் அதில் இருக்கும். சாதாரணமாக பார்மட் அடித்தால் அது அழியாது. ரெக்கவரி புரோகிராம் போட்டால் திரும்ப வந்துவிடும். டிஸ்க்கில் டிரில் போட்டு ஓட்டை விழ வைத்த பிறகு மிச்சத்தை கொடுங்க. அதையும் தெருவில் வரும் எடைக்காரரிடம் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்கணும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி அதை பிரித்தெடுக்கும் வேலை அவர்களுடையதுதான்.