அமெரிக்கா செல்லும் மாணவர்களே, பெட்டி கட்டும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்!

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வந்தால் எனக்கு ஒரே மாதிரியான போன் அழைப்புகள் வரத் தொடங்கும். "பையனுக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. புது லேப்டாப்பில் என்னென்ன சாப்ட்வேர் போட்டு அனுப்பலாம்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். "அவனுடைய ஐ-20 படிவத்தின் நகல் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா?" பெரும்பாலும் பதில் வராது. சாப்ட்வேரை அங்கே போயும் போட்டுக் கொள்ளலாம். விமான நிலைய கவுண்டரில் கேட்கும் பேப்பரை அங்கே போய்த் தயாரிக்க முடியாது.

2023-24 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் பதிவாகியிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர்களில் பதிவுகள் உள்ளன. அந்தப் பதிவுகளில் ஒன்று தவறாக இருந்தாலும் பயணம் சிக்கலாகும். அவற்றைச் சரி பார்க்கும் வழிகளை இங்கே பார்ப்போம்.

விசா வேறு, அனுமதி வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் எப்-1 விசா, அமெரிக்காவின் வாசல் கதவைத் தட்டுவதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே விடுவதா என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். உள்ளே சென்ற பிறகு உங்களைக் காப்பது மூன்று விஷயங்கள். கல்லூரி கொடுத்த ஐ-20 படிவம், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் 'செவிஸ்' என்ற அரசு டேட்டாபேஸ், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு.

அமெரிக்காவில் இருக்கும்போது விசாவின் தேதி முடிந்தாலும், ஐ-20-யும் செவிஸ் பதிவும் ஒழுங்காக இருந்தால் படிப்பைத் தொடரலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டால், திரும்பச் செல்லப் புதிய விசா வேண்டும். கனடா, மெக்சிகோவுக்கு 30 நாட்களுக்குள் போய் வருபவர்களுக்கு நிபந்தனைகளுடன் ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊருக்கு வருபவர்களுக்கு அது இல்லை.

2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென்று ரத்து செய்யப்பட்டன. பலர் நீதிமன்றம் சென்றனர். ஏப்ரல் மாத இறுதியில் பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. விசா ரத்தான தகவல் பலருக்கு ஈமெயிலில்தான் வந்தது. எனவே விசா விண்ணப்பத்தில் கொடுத்த ஈமெயில் முகவரியைத் தினமும் பாருங்கள். ஸ்பேம் போல்டரையும் திறந்து பாருங்கள்.

ஐ-20: இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஐ-20-ன் இரண்டாம் பக்கம். அங்கே கல்லூரியின் மாணவர் அதிகாரி பயணத்துக்கென்று போட்ட கையெழுத்து இருக்க வேண்டும். படித்துக் கொண்டிருப்பவர்களுக்கு அது ஓர் ஆண்டு செல்லும். படிப்பு முடிந்து 'ஓ.பி.டி.' என்ற பயிற்சி வேலையில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தெரு மாணவி ஒருவர் திரும்பிச் செல்வதற்கு முதல் நாள் மாலை, டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க என் வீட்டுக்கு வந்தார். ஐ-20-யை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு 14 மாதம் ஆகியிருந்தது. உடனே கல்லூரிக்கு ஈமெயில் அனுப்பினோம். நமக்கு மாலை என்றால் அங்கே காலை. அலுவலகம் திறக்கும் நேரம். இரவு 11 மணிக்குப் புதிய கையெழுத்துடன் பி.டி.எப். பைல் வந்து சேர்ந்தது. ஐ-20-யைக் கல்லூரிகள் இப்படி ஈமெயிலில் அனுப்புவது 2020 முதல் அனுமதிக்கப்பட்டுள்ளது. அன்று சனிக்கிழமையாக இருந்திருந்தால் அவர் டிக்கெட்டை மாற்ற வேண்டி வந்திருக்கும்.

கையெழுத்து காலாவதியாகி இருந்தால், அதிகாரி 'ஐ-515ஏ' என்ற படிவம் கொடுத்து 30 நாள் அவகாசத்துடன் உள்ளே விடலாம். ஆனால் அது அவர் விருப்பம். நாம் கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

கையெழுத்துக் கேட்டு எழுதும் ஈமெயிலிலேயே "என் செவிஸ் பதிவு நடப்பில் உள்ளதா?" என்றும் கேட்டு விடுங்கள். வரும் பதிலையும் பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். ஐந்து மாதங்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே தங்கினால் மாணவர் தகுதியே போய்விடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐ-94-ம் நம் இனிஷியலும்

முன்பு விமானத்தில் வருபவர்களுக்கு ஐ-94 ஒரு சிறிய அட்டையாகப் பாஸ்போர்ட்டில் செருகப்பட்டது. 2013 முதல் அது கம்ப்யூட்டர் பதிவாகிவிட்டது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட் கொடுத்த நாடு ஆகியவற்றை டைப் செய்தால் இலவசமாகக் கிடைக்கும். போய்ச் சேர்ந்த சில நாட்களில் இதை டவுன்லோட் செய்திட வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே போய்த் திரும்பும்போதும் புதியதாக எடுக்க வேண்டும்.

நம் மாணவர்களில் பலருக்கு இங்கேதான் தடுமாற்றம். தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயர் இடத்தில் 'எப்.என்.யு.' என்றும் அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடி ஐ-94 கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். விசாவில் அச்சிட்டபடி எப்.என்.யு. சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

பதிவு கிடைத்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். வகை எப்-1 என்று இருக்க வேண்டும். தங்கும் காலம் என்ற இடத்தில் மாணவர்களுக்கு 'டி/எஸ்' என்று போடுவது நெடுநாள் வழக்கம். படிப்பு தொடரும் வரை தங்கலாம் என்று பொருள். அதை மாற்றி, தேதி குறிக்கும் விதியை 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முன்மொழிந்தது. ஆகவே உங்கள் பதிவில் தேதி ஏதும் இருந்தால் அதைக் குறித்து வைத்து, உடனே கல்லூரி அதிகாரியிடம் காட்டுங்கள்.

விசா படிவம் நிரப்பும்போது

டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பத்தை இன்டர்நெட்டில்தான் நிரப்ப வேண்டும். 20 நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் தளம் தானாக மூடிக்கொள்ளும். எனவே முதல் பக்கத்தில் வரும் விண்ணப்ப எண்ணை உடனே எழுதிக் கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் சேவ் செய்திடுங்கள்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளை 2019 முதல் இதில் கேட்கிறார்கள். மாணவர்கள் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி மாற்ற வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். கணக்கு எதையும் மறைக்காதீர்கள். பொய்யான பதில் பின்னர் பெரிய தொல்லையாகும். நேர்காணல் இல்லாத டிராப் பாக்ஸ் வசதியும் 2025 செப்டம்பரில் மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது. விசா புதுப்பிக்க வேண்டியவர்கள் நேர்காணல் தேதியைப் பார்த்த பிறகு விடுமுறை டிக்கெட் வாங்குவது நல்லது.

போலித் தளங்கள் உண்டு என்பதால் முகவரியைக் கவனியுங்கள். அமெரிக்க அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'டாட் ஜி.ஓ.வி.' என்று முடியும். ஆனால் செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டும் உண்மையான தளம் 'டாட் காம்' என்று முடிகிறது. எனவே தேடு பொறியில் தேடிப் போகாமல், தூதரகம் அல்லது கல்லூரித் தளத்தில் உள்ள லிங்கைக் க்ளிக் செய்து செல்லுங்கள்.

போன், லேப்டாப் சோதனை

எல்லையில் அதிகாரிகள் போன், லேப்டாப்பைத் திறந்து பார்க்க அதிகாரம் உள்ளது. 2024 நிதியாண்டில் இப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயணிகளில் சுமார் 0.01 சதவீதம்தான். அதனால் அஞ்ச வேண்டாம். ஆனால் பாஸ்வேர்டு தர மறுக்கும் வெளிநாட்டவரின் நுழைவு மறுக்கப்படலாம். கருவியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தேவையில்லாத குடும்பப் படங்கள், வங்கிப் பைல்கள் ஆகியவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

ஓ.டி.பி. எங்கே வரும்?

இங்கே உள்ள சிம் அங்கே வேலை செய்யாவிட்டால், ஈமெயிலைத் திறக்கும் ஓ.டி.பி. கிடைக்காது. ஆவணங்கள் எல்லாம் ஈமெயிலில் இருந்தும் பயனில்லை. கூகுள் கணக்கில் 'பேக்கப் கோட்ஸ்' என்று எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள் கிடைக்கும். அவற்றைப் பிரிண்ட் எடுத்துப் பர்ஸில் வையுங்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு முறைதான் செல்லும்.

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

1. பாஸ்போர்ட், விசா, ஐ-20, செவிஸ் கட்டண ரசீது, பண ஆதாரம், கல்லூரி அனுமதிக் கடிதம், பழைய ஐ-94 ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் போடுங்கள். பைல் பெயரில் தேதியைச் சேருங்கள்.

2. போல்டரை 7-ஜிப் போன்ற இலவச சாப்ட்வேரில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்குங்கள். ஒரு நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று ஈமெயிலில்.

3. அசல் பேப்பர்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எதிஹாட் விமானத்தில் அபுதாபி வழியாகச் செல்பவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பெட்டியில் வைத்த பேப்பரை அப்போது எடுக்க முடியாது.

4. கல்லூரி அதிகாரியின் பெயர், அவசரத் தொலைபேசி எண் இரண்டையும் பேப்பரில் எழுதிக் கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் பேப்பர் இருக்கும்.

5. முதல் முறை செல்பவர்கள் ஐ-20-ல் உள்ள படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கு முன் நுழைய முடியாது. டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே டிக்கெட் வாங்கும் முன்பும், புறப்படும் வாரத்திலும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பக்கத்தைத் திறந்து படியுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஸ்கேனர் உள்ள ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். பெற்றோரும் பக்கத்தில் உட்காருங்கள். நள்ளிரவில் "அப்பா, அந்தப் பைலை அனுப்புங்கள்" என்று போன் வந்தால், எந்தப் போல்டர் என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.